ரோட்டுல டயர் தடமும் விழக்கூடாது, வெடிப்பும் வரக்கூடாதுன்னா மிக்ஸை எப்படி டிசைன் பண்றது?

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல ஒருதரம் சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும். மாதவரம் பக்கம் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓடுற ரோட்டுல 40 மில்லிமீட்டர் தடிமன்ல பிசி, அதாவது ஜல்லியும் நாம தார்னு சொல்ற பிட்டுமனும் கலந்த மேல் அடுக்கு போட்டீங்க, ஒரு கத்திரி வெயில் முடியறதுக்குள்ள டயர் போற தடம் ரெண்டும் பள்ளமா இறங்கிடுச்சு, ரோட்டோட அடுத்த துண்டுல (ரீச்சுல) பிட்டுமனை அரை சதவீதம் கொறைச்சுப் போட்டீங்க, அங்க பள்ளம் விழல, ஆனா ரெண்டு மழைக்காலம் தாண்டறதுக்குள்ள முதலைத் தோல் மாதிரி வெடிச்சுப் போச்சு. ரெண்டுக்கும் நடுவுல எந்த பர்சன்டேஜ் சரின்னு கேட்டிருக்கீங்க.

நடுவுல ஒரு நம்பர் தேடினீங்கன்னா பெரும்பாலும் கெடைக்காது. நானும் பல வருஷம் லேப்ல அதைத்தான் தேடிட்டு இருந்தேன். பிட்டுமனை ஏத்துனா பள்ளம், எறக்குனா வெடிப்புன்னு ஒரே ஒரு திருகை வெச்சுக்கிட்டு ரெண்டையும் சரி பண்ணப் பாக்கறதுதான் இங்க நடக்கற தப்பு. லாரி எடையைத் தாங்கற வேலையை ஜல்லிக்குக் குடுக்கணும், வெடிக்காம இழுபட்டுக் குடுக்கற வேலையை பிட்டுமனுக்குக் குடுக்கணும், அதுக்கு ஜல்லிக்கு நடுவுல பிட்டுமன் உக்கார்ற அளவு இடம் விடணும், அப்புறம் ரோலர் அடிக்கறப்போ அந்த ரெண்டையும் கெடுக்காம இருக்கணும். இதை ஒவ்வொண்ணா சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

முதல்ல வெயில். மே மாசம் மத்தியானம் காத்து 40 டிகிரி இருக்கறப்போ ரோட்டு மேல 60 டிகிரியைத் தாண்டிடும், வெறுங்கால வெச்சா தெரியும். பிட்டுமன் அந்தச் சூட்டுல பாதி திரவம், காலைல 25 டிகிரில ரப்பர் மாதிரி. விஜி-30ங்கற பிட்டுமன் கிரேடுக்கு 60 டிகிரில குறைஞ்சது 2400 பாய்ஸ் பாகுத்தன்மை (ஒழுகாம நிக்கற கெட்டி) வேணும்னு பிட்டுமனுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 73 சொல்லுது, விஜி-40க்கு 3200. ஐஎஸ் 73 டேபிளை மட்டும் பாத்தா ஏழு நாள் சராசரி அதிகபட்ச வெப்பம் 38லேர்ந்து 45 வரைக்கும் விஜி-30 போதும், அதாவது சென்னைக்கு விஜி-30. ஆனா அந்த டேபிள் வண்டியோட வேகத்தைப் பாக்கறதில்ல. பிட்டுமனுக்கு நேரம் ரொம்ப முக்கியம், 80 கிலோமீட்டர் வேகத்துல போற லாரி ஒரு இடத்தை நொடியில சின்னத் துண்டு நேரம்தான் அழுத்தும், சிக்னல்ல கியூவுல நின்னு நின்னு நகர்ற ட்ரெய்லர் அதே இடத்தை நிமிஷக்கணக்குல அழுத்தும். அந்த நேரம் முழுக்க பிட்டுமன் மெதுவா வழுக்கிக்கிட்டே இருக்கும். அதனாலதான் அமெரிக்காக்காரங்க சூப்பர்பேவ்ங்கற அவங்க மிக்ஸ் டிசைன் முறைல, மெதுவாப் போற வண்டிக்கும் நிக்கற வண்டிக்கும் பைண்டர் (பிட்டுமன்) கிரேடை 6 டிகிரி, 12 டிகிரின்னு மேல ஏத்திக்கறாங்க. உங்க ரோடு துறைமுகத்துக்குப் போற ட்ரெய்லர் வரிசை கட்டி நிக்கற ரோடு, அங்க விஜி-30 போட்டதே எனக்குச் சரியாப் படல.

எடை விஷயமும் சேர்த்துப் பாருங்க. 2018ல மத்திய அரசு லாரி ஆக்ஸில் லோடை ஏத்துனாங்க, நாலு டயர் இருக்கற சிங்கிள் ஆக்ஸிலுக்கு 10.2 டன்னா இருந்தது 11.5 டன் ஆச்சு. பாக்கறதுக்கு 13 சதவீதம் கூட இல்ல. ஆனா ரோட்டுக்கு வர்ற சேதம் எடையோட நாலாவது அடுக்குல (எடை விகிதத்தை நாலு தரம் பெருக்கின அளவுல) போகும்னு 1958-60ல இல்லினாய்ஸ்ல நடந்த ஆஷோ ரோடு டெஸ்ட்லேர்ந்து நாம எடுத்துக்கிட்டு வர்ற கணக்கு, அதுப்படி 8.16 டன் ஸ்டாண்டர்ட் ஆக்ஸிலை 1ன்னு வெச்சா 10.2 டன் 2.44 ஆகும், 11.5 டன் 3.94 ஆகும். ஒரே தாவல்ல 60 சதவீதம் கூடுதல் அடி. ஓவர்லோடு வண்டியை இதுல நான் சேக்கவே இல்ல.

பள்ளம்னு சொல்றீங்களே, அது எந்தப் பள்ளம்னு முதல்ல பாத்தீங்களா? தடத்தோட ரெண்டு பக்கமும் மேடு எழும்பி வரப்பு மாதிரி நின்னா மிக்ஸ் பக்கவாட்டுல நகந்துடுச்சுன்னு அர்த்தம், கோளாறு பிசில இருக்கும், அங்க இல்லன்னா அதுக்குக் கீழ இருக்கற பிட்டுமன் அடுக்கான டிபிஎம்ல இருக்கும். மேடே இல்லாம அகலமா தட்டு மாதிரி இறங்கியிருந்தா கீழ ஜிஎஸ்பியோ (பிட்டுமன் கலக்காத ஜல்லி அடித்தளம்) மண்ணோ இறங்கியிருக்கு, அதுக்கு மிக்ஸை எத்தனை தரம் மாத்தினாலும் பிரயோஜனம் இல்ல. மூணாவது ஒண்ணு இருக்கு, சரியா ரோலர் அடிக்காம விட்டு லாரியே மிச்ச ரோலிங்கை முடிச்சு வெச்சிருக்கும், அது முதல் சில மாசத்துல வேகமா இறங்கி அப்புறம் நின்னுடும். நீங்க அனுப்பின ஃபோட்டோவுல வரப்பு நல்லாத் தெரியுது, அதனால மிக்ஸ் நகந்திருக்குன்னு வெச்சுக்கிட்டு மேல போறேன்.

மிக்ஸ் நகராம இருக்கணும்னா ஜல்லி ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கணும். நம்ம ஊர்ல கெடைக்கற ப்ளூ மெட்டல் உலகத்துலயே நல்ல கல்லுல ஒண்ணு, பல்லாவரம் பரங்கிமலை கல்லு, சார்னோகைட்னு பேரு. கல்கத்தாவுல ஜாப் சார்னாக் சமாதிக்கு வெச்ச கல்லு இங்கேர்ந்து போனதுதான், அதை வெச்சுத்தான் தாமஸ் ஹாலண்ட் 1893ல அந்தக் கல்லுக்கே சார்னோகைட்னு பேர் வெச்சார். கல்லு உறுதியில குறை சொல்லவே முடியாது. குறை கிரஷர்ல வரும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து கிரஷர்ல ஒழுங்கா ரெண்டு மூணு ஸ்டேஜ் உடைச்சு எடுத்தா ஜல்லி கனசதுரமா வரும், அவசரத்துக்கு உடைச்சா தட்டையும் நீளமுமா வரும், தட்டைக் கல்லு ரோலர் அடியில உடைஞ்சு புது முகம் திறந்துக்கும், அந்த முகத்துல பிட்டுமன் இருக்காது. மத்திய சாலைத் துறையோட மோர்த் விதிகள்ல தட்டையும் நீளமும் சேத்து 35 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு இருக்கு, ஆனா நான் ட்ரெய்லர் ரோட்டுக்கு 25க்கு மேல பாத்தா லோடைத் திருப்பி அனுப்பச் சொல்வேன். சின்ன சைஸுல ஆத்து மணல் கலக்கவே கலக்காதீங்க, உருண்டை மணல் பால்ரஸ் போட்ட மாதிரி உருளும், கிரஷர்ல உடைச்ச மணல் மட்டும்.

இப்போ இடம். இதைத்தான் நம்ம ஆளுங்க ரொம்ப கவனிக்காம விடறாங்க. ஜல்லிக்கு நடுவுல இருக்கற மொத்த இடத்தை விஎம்ஏன்னு சொல்றோம், அதுக்குள்ளதான் பிட்டுமனும் இருக்கணும், காத்தும் இருக்கணும். பிட்டுமன் எடையில 5.4 சதவீதம்னா கன அளவுல கிட்டத்தட்ட 12-13 சதவீதம் வரும், அதுல கொஞ்சம் கல்லு குடிச்சுக்கும். மேல 4 சதவீதம் காத்து. விஎம்ஏ 15-16 இருந்தா ரெண்டுக்கும் இடம் இருக்கு. டஸ்ட்டைக் (கிரஷர் தூள்) கொட்டி, கிரேடிங்கை, அதாவது எந்த சைஸ் ஜல்லி எவ்வளவுங்கற கணக்கை, எல்லாம் நெருக்கி அடைஞ்சுக்கற மேக்ஸிமம் டென்சிட்டி லைன் மேலயே ஓட்டி வெச்சீங்கன்னா விஎம்ஏ 13க்கு இறங்கிடும், இப்ப அதே பிட்டுமனைப் போட்டா காத்துக்கு இடமே இல்லாம ஒரு கோடைல லாரி அமுக்கி காத்து 2 சதவீதத்துக்குக் கீழ போயிடும், அங்கேர்ந்து ஜல்லி ஒண்ணையொண்ணு தொடாம பிட்டுமன்ல மிதக்க ஆரம்பிக்கும், வரப்பு எழும்பும். உங்க முதல் ரீச்சுல இதுதான் நடந்திருக்கும்னு எனக்குத் தோணுது. ரெண்டாவது ரீச்சுல கிரேடிங்கை அப்படியே விட்டுட்டு பிட்டுமனை மட்டும் உருவிட்டீங்க, காத்து 4 வந்துடுச்சு, லேப்ல வழக்கமாப் பண்ற மார்ஷல் டெஸ்ட்டும் பாஸ், ஆனா ஜல்லி மேல பூசியிருக்கற படலம் மெலிசாப் போச்சு. மெலிசான படலம் சீக்கிரம் காஞ்சு கெட்டியாகி வெடிக்கும். அன்னிக்கு நீங்க மாத்தியிருக்க வேண்டியது கிரேடிங்கை. நடு சைஸுல கொஞ்சம் எறக்கி, டஸ்ட்டைக் கொறைச்சு, விஎம்ஏவை ஒண்ணு ஒண்ணரை சதவீதம் தூக்கியிருந்தா அதே பிட்டுமன் பள்ளம் விழாம உக்காந்திருக்கும். ஃபில்லருக்கும் (மாவு மாதிரி நைசான தூள்) பிட்டுமனுக்கும் இருக்கற விகிதம் 1.2ஐத் தாண்டாமப் பாத்துக்கோங்க, தாண்டினா லேப்ல ஸ்டெபிலிட்டி (அமுக்கினா தாங்கற எடை) ஜம்முனு வரும், ரோட்டுல மொறுமொறுன்னு ஆயிடும்.

வெடிப்பு பத்தி ஒரு விஷயம். வெளிநாட்டுப் பேப்பர்ல படிக்கறப்போ பாதிக்கு மேல குளிர்ல வர்ற வெடிப்பைப் பத்தி இருக்கும், மைனஸ் 22, மைனஸ் 28னு. சென்னைல மார்கழி விடியக்காலைல கூட 20 டிகிரியைச் சுத்தித்தான் இருக்கும், நமக்கு அந்தக் கவலை இல்ல. நம்ம எதிரி ரெண்டு. ஒண்ணு, லாரி ஏறி எறங்கி ஏறி எறங்கி வளைச்சு வர்ற அசதி வெடிப்பு, அது அடுக்கோட அடியில ஆரம்பிச்சு மேல வரும். இன்னொண்ணு வெயிலும் காத்தும் சேந்து மேல இருக்கற பிட்டுமனை ஆக்ஸிஜனேற்றம் பண்ணி கிழடாக்கிடும், அது மேலேர்ந்து கீழ போற வெடிப்பு. ரெண்டாவது வகை நம்ம ஊர்ல ரொம்ப அதிகம், ஆனா கோர் (ரோட்டை உருளையாத் துளைச்சு எடுக்கற துண்டு) எடுத்துப் பாக்காம எல்லாத்தையும் அசதின்னே எழுதிடறாங்க. வெடிச்ச எடத்துல நேரா கோர் போடுங்க, வெடிப்பு மேல 15-20 மில்லியோட நின்னுடுச்சுன்னா கிழடு தட்டுனது, அடி வரைக்கும் போயிருந்தா அடுக்கு மொத்தமும் போதல.

மார்ஷல் டெஸ்ட் இதுல எதையும் சொல்லாது. மிஸிஸிப்பி ஹைவே டிபார்ட்மென்ட்ல புரூஸ் மார்ஷல் 1939 வாக்குல கண்டுபிடிச்சதை ரெண்டாம் உலகப் போர் சமயத்துல அமெரிக்க ராணுவ இன்ஜினியருங்க விமான ஓடுதளத்துக்காக வளத்தாங்க, அன்னிக்கு அது பெரிய விஷயம். 101.6 மில்லி விட்டம், 63.5 மில்லி உயரம், ஸாம்பிளைப் பக்கத்துக்கு 75 தரம் சுத்தியலால அடிச்சு, 60 டிகிரி தண்ணில ஊற வெச்சு அமுக்கறோம். 9 கிலோ நியூட்டனுக்கு மேல ஸ்டெபிலிட்டி, ஃப்ளோ, அதாவது அதுக்குள்ள அமுங்கற அளவு, 2லேர்ந்து 4 மில்லி. ஒரே ஒரு தரம் ஒரே அமுக்கு. லட்சம் தரம் டயர் உருள்றதையோ, மூணு வருஷம் வெயில்ல காஞ்சதையோ அது எப்படிச் சொல்லும்? 16 கிலோ நியூட்டன் வந்துச்சுன்னு சந்தோஷப்பட்டு ரிப்போர்ட் எழுதின மிக்ஸ் ரெண்டாவது வருஷம் கண்ணாடி மாதிரி வெடிச்சதை நானே பாத்து வருத்தப்பட்டிருக்கேன். வால்யூமெட்ரிக்ஸ் (காத்து, பிட்டுமன், விஎம்ஏ) கணக்குக்கு மார்ஷலை வெச்சுக்கோங்க, அது நல்லாவே உதவும், தாங்குமா தாங்காதாங்கறதுக்கு வேற ரெண்டு டெஸ்ட் வேணும்.

அதுதான் இப்போ பேலன்ஸ்டு மிக்ஸ் டிசைன்னு சொல்றது. பள்ளத்துக்கு ஒரு டெஸ்ட், வெடிப்புக்கு ஒரு டெஸ்ட், ரெண்டுலயும் பாஸ் ஆகற பிட்டுமன் அளவு எதுன்னு பாக்கணும். பள்ளத்துக்கு ஹாம்பர்க் வீல் டிராக்கர், 50 டிகிரி தண்ணிக்குள்ள ஸாம்பிளை முக்கி வெச்சு 705 நியூட்டன் எடைல இரும்புச் சக்கரத்தை 20,000 தரம் ஓட்டுவாங்க, டெக்ஸாஸ்ல பெரிய ட்ராஃபிக் கிரேடுக்கு 12.5 மில்லிக்குள்ள இறங்கணும். தண்ணிக்குள்ள ஓடறதால ஜல்லியை விட்டு பிட்டுமன் உரியுதான்னும் தெரிஞ்சுடும், கிராஃப் திடீர்னு செங்குத்தா விழுந்தா உரியுதுன்னு அர்த்தம், வடகிழக்கு மழைல ரோடு முழுகற நம்ம ஊருக்கு இது ரொம்ப முக்கியம். வெடிப்புக்கு ஐடியல்-சிடின்னு டெக்ஸாஸ் ஏ அண்ட் எம்ல ஃபூஜி ஜோ கொண்டு வந்தது, 150 மில்லி விட்டம் 62 மில்லி தடிமன் வட்டை 25 டிகிரில நிமிஷத்துக்கு 50 மில்லி வேகத்துல குறுக்கே அமுக்கிப் பிளக்கணும், உச்ச லோடு வந்த அப்புறம் கிராஃப் எவ்வளவு சாஞ்சு மெதுவா இறங்குதுன்னு பாக்கணும். உச்சத்துலேர்ந்து பொத்துனு விழுந்தா மொறுமொறு மிக்ஸ், சரிவா நீண்டு வந்தா இழுபடற மிக்ஸ்.

வீல் டிராக்கர் சைட் லேப்ல இருக்காது, ஐஐடி மெட்ராஸ் மாதிரி பேவ்மென்ட் ஆராய்ச்சி நடக்கற இடத்துல கேட்டுப் பாருங்க. ஆனா வெடிப்பு டெஸ்ட்டுக்கு உங்க மார்ஷல் ஃப்ரேமே போதும், அதுவும் நிமிஷத்துக்கு 50.8 மில்லிதான் போகுது, டிஎஸ்ஆர் (தண்ணில ஊறினப்புறம் எத்தனை சதவீதம் பலம் மிஞ்சுதுங்கற டெஸ்ட்) பாக்க வெச்சிருக்கற பிளக்கற ஃபிக்ஸ்சரை மாட்டி, லோடும் நகர்வும் பதிவாகற லாக்கர் ஒண்ணு சேத்தா ஆச்சு. ஆறு இஞ்ச் மோல்ட் இருந்தா அதுல போடுங்க, நாலு இஞ்ச்ல போட்டா வர்ற நம்பரை வெளிநாட்டு லிமிட்டோட ஒப்பிடாதீங்க, உங்க நாலஞ்சு மிக்ஸுக்குள்ள எது மேலன்னு மட்டும் பாருங்க, அதுவே நிறைய சொல்லும். இன்னொண்ணு, வெடிப்பு ஸாம்பிளைக் கிழடாக்கிட்டுத்தான் பிளக்கணும், கலந்த மிக்ஸை 135 டிகிரில 4 மணி நேரம், முடிஞ்சா அடிச்ச ஸாம்பிளை 85 டிகிரி ஓவன்ல 5 நாள். பள்ளம் டெஸ்ட்டுக்கு அந்த அஞ்சு நாள் ஓவன் வேணாம். ஏன்னா ரோடு இளசா இருக்கறப்போ பள்ளம் விழும், வயசானப்புறம் வெடிக்கும்.

ஜல்லியைச் சரி பண்ணிட்டு 5.0, 5.4, 5.8னு மூணு அளவுல ரெண்டு டெஸ்ட்டும் போட்டா ஒரு ஜன்னல் தெரியும், அதுக்குள்ள எங்க வேணா நில்லுங்க, நான் வெடிப்புப் பக்கம் கொஞ்சம் தள்ளி நிப்பேன். ஜன்னலே தெரியலன்னா பிட்டுமன் அளவோட விளையாடாதீங்க, பொருளை மாத்துங்க. விஜி-40 பள்ளத்துக்கு நல்லது, வெடிப்புக்கு அவ்வளவு உதவாது. எஸ்பிஎஸ்ங்கற ரப்பர் மாதிரி பாலிமர் கலந்த பிட்டுமன் ரெண்டுக்கும் நல்லா உதவற பைண்டர்னு சொல்லலாம், சூட்டுல நகராது, அமுக்கி விட்டா திரும்பி வரும், அதுக்கான தரநிலை ஐஎஸ் 15462ஐ 2019ல திருத்தினப்புறம் 70-10, 76-10னு கிரேடு போட்டே கேக்கலாம். விலை கூட, ஆனா 40 மில்லி பிசில மட்டும்தானே போடப் போறீங்க. சிக்னலுக்கு முன்னாடி நூறு நூத்தம்பது மீட்டர் மட்டுமாவது எஸ்எம்ஏங்கற மிக்ஸ் போடப் பேசிப் பாருங்க, ஜெர்மனில 1960கள்ல வந்தது, பெரிய ஜல்லி ஒண்ணோட ஒண்ணு நேரா உக்காந்து எடையைத் தாங்கும், நடு இடத்தை நார் கலந்த கெட்டி பிட்டுமன் நிரப்பும், பிட்டுமன் 5.8 சதவீதத்துக்கு மேல போட்டும் பள்ளம் விழாது. நான் முதல்ல சொன்ன வேலைப் பிரிவினையை அப்படியே எடுத்துக்காட்டற மிக்ஸ் அது.

மில்லிங் பண்ண, அதாவது மெஷின்ல சுரண்டி எடுத்த, பழைய ரோட்டைத் திரும்பக் கலக்கறதும் இப்ப வந்துடுச்சு. 2021ல தலைமைச் செயலாளர் இறையன்பு மில்லிங் பண்ணிட்டுத்தான் மேல போடணும்னு உத்தரவு போட்டதுலேர்ந்து சென்னைல மில்லிங் பொருள் நிறைய சேருது, வீட்டு வாசல் ரோட்டை விட தாழ்ந்து போகாம இருக்கறதுக்கு அது அவசியமான உத்தரவு. ஆனா அந்தப் பொருள்ல இருக்கற பிட்டுமன் ஏற்கெனவே கிழடு. அதைச் சேத்தா பள்ளம் டெஸ்ட் பிரமாதமா வரும், வெடிப்பு டெஸ்ட்ல மாட்டும், மார்ஷல்ல இது தெரியவே தெரியாது. கலக்கறதா இருந்தா, கூடவே இளக்கமான பிட்டுமனோ, கிழட்டு பிட்டுமனை இளக்கற ரெஜுவனேட்டரோ போட்டு வெடிப்பு டெஸ்ட்ல காட்டச் சொல்லுங்க.

பிசியோட நிறுத்திடாதீங்க, கீழ இருக்கற டிபிஎம்மையும் பாருங்க. இழுவிசை அதிகமா வர்றது அடி அடுக்கோட அடியில, அங்கதான் அசதி ஆரம்பிக்குது. அந்த ஆழத்துல வெயில் சூடு குறைவு, பள்ளம் விழற பயமும் குறைவு, அதனால அங்க தாராளமா பிட்டுமன் போடலாம். ரோடு தடிமன் டிசைனுக்கான இந்திய விதிநூல் ஐஆர்சி 37, 2018 பதிப்புல இருக்கற அசதி சூத்திரத்துல காத்து 4.5, பிட்டுமன் கன அளவு 10.5 போட்டுப் பாருங்க, திருத்தக் காரணி சி 1.12 வரும். காத்து 3.5, பிட்டுமன் 11.5 ஆக்குங்க, 2.35. மத்ததெல்லாம் அப்படியே இருந்தா அசதி ஆயுசு ரெண்டு மடங்குக்கு மேல. இதுக்கு ஆகற கூடுதல் பிட்டுமன் எடையில அரை சதவீதம் கூட இல்ல. இவ்வளவு கம்மி செலவுல இவ்வளவு பலன் தர்ற வேற எதையும் நான் இந்தத் தொழில்ல பாத்ததில்ல, ஆனா ஒர்க் ஆர்டர்ல யாரும் எழுத மாட்டேங்கறாங்க.

கடைசியா ரோலிங். லேப்ல 4 சதவீதம் காத்துக்கு டிசைன் பண்ணிட்டு ரோட்டுல 9, 10 விட்டா மேல எழுதின எதுவும் செல்லாது. 7-8ஐத் தாண்டினா காத்துத் துளை ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சு தண்ணியும் ஆக்ஸிஜனும் உள்ள போகும், கிழடு சீக்கிரம் வரும், லாரி அமுக்கிப் பள்ளமும் விழும், அதாவது ஒரே தப்புக்கு ரெண்டு வியாதியும் வரும். பிளான்ட் ஊருக்கு வெளிய, டிப்பர் ட்ராஃபிக்ல மாட்டி வர்றதுக்குள்ள விஜி-30 மிக்ஸ் 140க்குக் கீழ போயிடுது, 40 மில்லி அடுக்கு ராத்திரி கடல் காத்துல நிமிஷக்கணக்குல ஆறிடுது, 90க்குக் கீழ ரோலர் எத்தனை தரம் ஓடினாலும் பயனில்ல. டிப்பருக்குத் தார்பாய் போடுங்க, பேவர் பின்னாடியே ரோலர் ஒட்டிக்கிட்டு போகணும், டீ குடிக்கற பிரேக்ல ரோலர் நிக்கக்கூடாது. தடிமனை 30 மில்லிக்குக் கொறைக்க ஒத்துக்காதீங்க, 13 மில்லி கல்லுக்கு அது மூணு மடங்கு கூட வரல, கல்லு உடையும், டென்சிட்டி வராது. அடுக்கை ஒட்ட வெக்கற டாக் கோட் எமல்ஷனை சதுர மீட்டருக்கு 200-300 கிராம் ஒழுங்கா அடிச்சு, கறுப்பா மாறின அப்புறம் போடுங்க, ஒட்டலன்னா மேல் அடுக்கு தனியா வளைஞ்சு தனியா வெடிக்கும். சார்னோகைட் சிலிக்கா நிறைஞ்ச கல்லு, தண்ணி பட்டா பிட்டுமனை விடும், சிமென்ட் ஃபில்லருக்குப் பதிலா 2 சதவீதம் ஹைட்ரேட்டட் லைம் போட்டா டிஎஸ்ஆர் 80ஐத் தாண்டறது சுலபம்.

இப்ப நீங்க பண்ண வேண்டியது, மோசமான ரீச்சுல வரிசையா நாலு கோர் எடுக்கறது, அதுல ரெண்டு கோர் டயர் தடத்துல, மிச்ச ரெண்டு கோர் தடங்களுக்கு நடுவுல. ஒவ்வொண்ணுலயும் அடுக்கு அடுக்கா தடிமன் அளந்து, காத்து எவ்வளவுன்னு பாத்து, பிசியை மட்டும் அறுத்து பிட்டுமன் பிரிச்சு கிரேடிங் எடுங்க. தடத்துல பிசி மெலிஞ்சு காத்து 2க்குக் கீழ இருந்தா நான் சொன்ன விஎம்ஏ கதைதான். பிசி அப்படியே இருந்து டிபிஎம் மெலிஞ்சிருந்தா கேள்வியே வேற, அதுக்கு மேல பிசியை மட்டும் மாத்திப் போடக் கூடாது. அளவு எல்லாம் கெடைச்சதும் ஜாப் மிக்ஸ் ஷீட்டோட (நீங்க போட்ட மிக்ஸோட கணக்குத் தாள்) இங்க போடுங்க தம்பி, எந்த சைஸ் ஜல்லியை எவ்வளவு மாத்தலாம்னு உக்காந்து கணக்குப் போட்டுச் சொல்றேன்.